ஏழு பாட்டில் மெழுகு

ஜூன் 17. விடிந்ததிலிருந்து மழை.

இல்லை, எறிந்துவிட முடியாது. அந்தமானில், இந்த ரங்கத் பஜாரில் வெறும் கண்ணாடி பாட்டில் விற்பதில்லை. ஏதாவது ஒரு வீட்டில் ஜாம் தீர வேண்டும், அல்லது யாராவது மாற்றலாகிப் போக வேண்டும். அப்போதுதான் இன்னொரு வீட்டுக்கு பாட்டில். பாப்பாவின் பால்மாவு டின்னைத் திறந்து வைத்தால் இந்த ஈரத்தில் இரண்டு நாளில் கட்டி, நான்காம் நாள் புளித்த வாசனை. இறுக மூடும் பாட்டில் வேண்டும். வீட்டில் இருப்பவை ஏழு. ஏழின் அடியிலும் மெழுகு.

மே மாதத்து மெழுகு.

சமையலறைப் பலகையில், அரிசிச் சாக்குக்குப் பின்னால், யாரோ வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். யாரோ இல்லை, நான்தான். அடுக்கியது நினைவில்லை.

மதினி போய் இருபத்து நான்கு நாள். பாப்பா பிறந்தும் இருபத்து நான்கு நாள். இரண்டையும் எண்ண அதே விரல்கள்.

26-ஆம் தேதி படகுக்கு முன் ஆக வேண்டியவை:

பாட்டில் ஏழும் சுத்தம்.
பால்மாவு பிரிக்க. ஒரு நாளுக்கு ஒரு பாட்டில், திறந்தது அன்றே தீர. படகில் ஒரு நாள், போர்ட் பிளேரில் ஒரு நாள், கப்பலில் நான்கு. ஆக ஆறு. ஒன்று உபரி.
துணி, ஃப்ளாஸ்க், கிரைப் வாட்டர்.
மதினியின் அக்காவுக்குத் தந்தி. மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து பாப்பாவை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. இனி அவர்தான் வளர்ப்பார்.
கல்லூரிக்குப் பதில். ஜூலையில் எம்.ஏ. வகுப்பு.
அண்ணனிடம் சொல்ல.

கடைசி வரியை அடித்தேன். திரும்ப எழுதினேன்.

ஜூன் 18. விட்டு விட்டு மழை. புத்தகங்களில் பூஞ்சை.

அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை இங்கேயாவது முழுதாக எழுதிவிட வேண்டும்.

பி.ஏ. தேர்வு முடிந்ததும் வந்தேன், மதினியின் பிரசவத்துக்கு உதவியாக. அண்ணன் இங்கே சாலை ஓவர்சியர். மே மாதம் கப்பல் தாமதம். பஜாரில் மண்ணெண்ணெய் இல்லை. எங்களிடம் இரண்டு டின். ஒன்றை அண்ணன் சாலை கேம்ப்புக்குக் கொடுத்தார். அங்கே ராஞ்சியிலிருந்து வந்த கூலியாட்கள் பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சல். தண்ணீர் கேட்பது யார் என்று இருட்டில் தெரியவில்லை என்றார்கள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம், அதற்குள் கப்பல் வந்துவிடும், வீட்டுக்கு ஒரு டின் போதும். அப்படித்தான் அவர் நினைத்தார். போதுமானதாகவே இருந்திருக்கும்.

அந்த டின்னை நான் படித்துத் தீர்த்தேன்.

அவர்கள் படுத்த பிறகு. தினமும். மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த ஒன்பது புத்தகங்கள். ஒரு நாவலின் கடைசி நூறு பக்கம் திரியை முழுக்க ஏற்றி வைத்து ஒரே மூச்சில். அந்தப் பெண் கடைசியில் வீடு திரும்பினாளா இல்லையா, இப்போது நினைவில்லை.

காலையில் விளக்குக் கண்ணாடியைத் துடைப்பது மதினி. கரியைப் பார்ப்பாள். "நேத்து நல்லா படிச்சியாட்டி?" அவ்வளவுதான். ஒரு நாளும் "போதும்" என்று சொன்னதில்லை.

மே 20. டின்னைச் சாய்த்தேன். துரு மட்டும் வந்தது. அன்றிலிருந்து மெழுகுவர்த்தி. பலகைச் சுவர் இடுக்கெல்லாம் காற்று, அதனால் பாட்டிலுக்குள். நான்காம் நாள் மதினிக்கு வலி. ஏழு பாட்டில் வெளிச்சத்தில் மலையாள நர்ஸ் வேலை செய்தார். "வெளிச்சம், மோளே, இங்ஙோட்டு." நான் பாட்டிலைத் தூக்கித் தூக்கி நகர்த்தினேன். இரத்தம் எவ்வளவு போகிறது என்று ஏழு பாட்டில் வெளிச்சத்தில் தெரியவில்லை. தெரிந்தபோது நேரமாகிவிட்டது.

துக்கம் கேட்க யார் வந்தாலும் அண்ணன் சொல்வது ஒரே வாக்கியம்.

"எண்ணெயத் தூக்கிக் குடுத்தது நான்லா."

நான் பக்கத்தில் நிற்கிறேன். வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிறேன்.

ஜூன் 19. மழை இல்லை. வெயிலும் இல்லை.

முதல் பாட்டில். கத்தியால் கீறினேன். மெழுகு தூளாக உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டியது. அடியில் கட்டி அசையவில்லை. சரி, கொதிநீர்.

"அரே, மத் டாலோ! டூட் ஜாயேகா!"

வேலிக்கு அப்பால் பௌதி. பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணி. பௌதி என்றால் அவர்கள் பேச்சில் அண்ணி, ஊருக்கே அவர் பௌதி. ஊற்றாதே, உடையும் என்கிறார். அதற்குள் ஊற்றிவிட்டேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். தூக்கினால் பாட்டில் கையோடு வருகிறது, அடி தரையிலேயே நிற்கிறது, மெழுகும் வெந்நீரும் கால் விரல்களுக்கு நடுவே.

"பி.ஏ. பாஸ்! போத்தல் தோனா நஹி ஆத்தா!"

பாட்டில் கழுவத் தெரியாத பி.ஏ. உரக்கச் சிரித்தார். பிறகு இது எந்த வீடு என்பது நினைவுக்கு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இந்த வீட்டில் இருபத்தாறு நாளில் முதல் சிரிப்பு. எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார், பின்னாலேயே அவருடைய வாத்துகள். இரண்டு பாட்டில்களைப் பச்சைத் தண்ணீரில் நிறுத்தி, அடுப்பில் வைத்து, தீயைக் குறைத்தார். தீரே தீரே, மெதுவாக என்றார். பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே சூடாக வேண்டும். மெழுகு முதலில் ஓரத்தில் கண்ணாடியை விட்டது. பிறகு தெளிந்தது. சின்னப் பாத்திரத்தில் சாய்த்து ஆற வைத்தால் அப்பளம் மாதிரி ஒரு வட்டம், அடிப்பக்கம் கருந்திரி.

இப்போது ஆறு. உபரி இல்லை. இனி ஒன்றுகூட உடையக் கூடாது.

சொல்லவில்லை. அண்ணன் எட்டு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

ஜூன் 20. பலத்த மழை. கூரைத் தகரச் சத்தத்தில் பாப்பா அழுவது கேட்பதில்லை, வாய் திறப்பதுதான் தெரிகிறது.

இரண்டு பாட்டில் கழுவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்தேன். பளபள. ஒன்றில் பால்மாவு போட்டுப் பார்த்தேன். நண்பகலில் அதிலிருந்து எடுத்துக் கரைத்துக் கொடுத்தேன். பாப்பா ஒரு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பியது. மறுபடி. மறுபடியும் திருப்பியது. உதட்டை இறுக்கிக்கொண்டது. இருபத்தேழு நாள் குழந்தைக்கு இவ்வளவு உறுதி.

காய்ச்சலோ என்று பயம். பௌதியைக் கூப்பிட்டேன். அவர் குழந்தையைத் தொடவில்லை, பாட்டிலை முகர்ந்தார்.

"மோம்பத்தி."

மெழுகுவர்த்தி. நானும் முகர்ந்தேன். ஆமாம். மிக லேசாக. புகை, திரி, சூடான கண்ணாடி. அந்த அறை.

வேறு டின் உடைத்துக் கரைத்தேன். குடித்தது.

ஒரு பிடி அரிசி, கொஞ்சம் வெந்நீர், மூடியை இறுக்கிக் குலுக்கு என்றார் பௌதி. கை எட்டாத இடமெல்லாம் அரிசி போய்த் தேய்க்கும். குலுக்கினேன். தண்ணீர் சாம்பல் நிறம், அரிசியில் மினுமினுப்பு. கொட்டிவிட்டு மறுபடி. நான்காவது அரிசியில்தான் வாசனை போயிற்று. கழுவிய அரிசியை வாத்துகள் முகர்ந்துவிட்டு நகர்ந்தன.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது சுத்தம் இல்லை. இதை ஏதாவது கட்டுரையில் எழுதியிருந்தால் பேராசிரியர் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்.

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 22. மூட்டம். நர்ஸ் வந்தார்.

பாப்பாவைத் தராசுத் தூளியில் நிறுத்தார். எடை கூடியிருக்கிறது, கப்பலில் போகலாம். கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டேன். அன்றைக்கு ஒரு நல்ல விளக்கு இருந்திருந்தால்?

குடையை விரித்தபடி நின்றார். முகத்தைக் காட்டவில்லை.

"அதொக்கெ இனி கேக்கண்டா மோளே."

அதெல்லாம் இனிக் கேட்க வேண்டாமாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குச் சுலபமான சொல். நல்ல பெண், பொய் வரவில்லை.

மாலை கேம்ப் மேஸ்திரி வந்தார், ராஞ்சிக்காரர், அட்டைகள் ஏறாமல் காலெல்லாம் புகையிலைச் சாறு. தோளில் எங்கள் மண்ணெண்ணெய் டின். மேல்பக்கத்தை வெட்டி, தேய்த்து, வெள்ளி மாதிரி ஆக்கி, நிறைய வாழைப்பழம் அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்.

"சாப், ஆப்கா டின்."

உங்கள் டின் என்று இறக்கி வைத்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழவில்லை. ஆட்கள் எப்படி என்று மட்டும் கேட்டார்.

"பாரா கே பாரா, சாப். சப் டீக்."

பன்னிரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். கொண்டுவந்து காட்டினேன். விரலை நீட்டினார், அழுக்கு என்று நினைத்தோ என்னவோ இழுத்துக்கொண்டார். கண்ணில் நீர். அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் பாப்பாவை இதுவரை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. நிலைப்படியில் நின்று பார்ப்பார். தூங்குகிறதா என்று கேட்பார். போவார்.

மேஸ்திரி போன பிறகு அண்ணன் டின்னைக் காலால் சுவரோரம் தள்ளினார்.

"பாத்தியா, வந்துட்டு. நான் குடுத்த டின்."

அவருடைய டின் பன்னிரண்டு பேருக்கு வெளிச்சம். என்னுடைய டின் ஒன்பது புத்தகத்துக்கு. இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது. தெரியாமலே அவரை இந்த வீட்டில் விட்டுவிட்டு நான் கப்பல் ஏறலாம். யாரும் கேட்க மாட்டார்கள். நான்கு நாள் இருக்கிறது.

வாழைப்பழம் இனிப்பு. மூன்று சாப்பிட்டேன். எழுதவே கூசுகிறது.

ஜூன் 23. ஞாயிறு. நண்பகலில் கொஞ்சம் வெயில்.

ஐந்தாவது பாட்டில். மெழுகு உருகி வரும்போது அடியில் ஏதோ கறுப்பாக. தீக்குச்சி என்று நினைத்தேன். ஹேர்பின்.

மதினியுடையது. மெழுகுவர்த்தி எரித்த அந்த நான்கு நாளும் மாலையில் திரி சாய்ந்தால் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி நிமிர்த்துவாள். நிமிர்த்திவிட்டுத் துடைத்துத் திரும்பக் குத்திக்கொள்வாள். "இந்தக் குட்டி வெளிச்சத்துல உனக்கு எழுத்து தெரியாதுட்டி. கப்பல் வரட்டும்." ஒரு தடவை கை தவறியிருக்கிறது. சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியும். டின் எப்படித் தீர்ந்தது என்று அவளுக்குத்தான் முழுக்கத் தெரியும். அண்ணனிடம் அவள் சொல்லவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. எனக்காக மறைத்தாளா, இது ஒரு விஷயமே இல்லை என்று விட்டாளா. கேட்க ஆள் இல்லை.

ஹேர்பின்னைத் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். அண்ணன் குளித்துவிட்டு வந்தவர் பார்த்தார். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இன்னும் காயாத சட்டை.

வாயைத் திறந்தேன். "அண்ணே" என்றேன்.

"என்ன?"

"தந்தி அடிக்கணும்."

"அடிச்சிட்டேன்."

ஜூன் 24. மழை. சொல்லிவிட்டேன்.

எப்படி நடந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

காலை. ஆறாவது பாட்டில் கையில். அரிசி போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலைக்குக் கிளம்பத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் தபால்காரர். நாற்பதாம் நாளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரித்தார். அண்ணன் பதில் சொல்லிவிட்டு, கூடவே வழக்கமான வாக்கியம்.

"எண்ணெயத் தூக்கிக் குடுத்தது நான்லா."

தபால்காரர் போனார். குலுக்குவதை நிறுத்தினேன்.

"அண்ணே, இன்னொரு டின் இருந்துல்லா."

"அது தீந்துட்டுல்லா."

"அதத் தீத்தது நான். ராத்திரி ராத்திரி படிச்சேன். ஒரு மாசம். நீங்க குடுத்ததால இல்ல. நான் படிச்சதால."

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகை வரும் என்றும். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"முழு டின்னா?"

"சமையலுக்குக் கொஞ்சம். மத்ததெல்லாம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தொப்பியைப் போட்டார். படி இறங்கினார். மழையில் நின்றபடி திரும்பினார்.

"ஒருத்தர் விடாம எல்லார்ட்டயும் சொன்னேன். அப்போல்லாம் நீ பக்கத்துலதான நின்னே."

"ஆமா."

"காப்பி குடுத்தே."

"ஆமா."

போய்விட்டார். குடை வீட்டிலேயே இருந்தது.

பாட்டிலில் அரிசி அப்படியே. பாப்பா எழுந்து அழுகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் பாரம் குறையும் என்று ஒன்பது புத்தகங்களிலும் இருந்தது. குறையவில்லை. இடம் மாறியது.

இருட்டிய பிறகு வந்தார். சாப்பிடவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 25. மழை விட்டது. மரமெல்லாம் சொட்டுகிறது.

காலையில் கூடத்து விளக்கின் கண்ணாடி முழுக்கக் கரி. கப்பலில் வந்த புது எண்ணெயில் திரி எரிந்து கட்டையாகியிருக்கிறது. அண்ணன் தூங்கியிருக்கவில்லை. பக்கத்தில் படிக்க எதுவும் இல்லை, வெறும் நாற்காலி.

வேலைக்குப் போகவில்லை. நாளை காலை படகு.

பால்மாவைப் பிரித்தேன். ஆறு பாட்டில், ஆறும் முகர்ந்து பார்த்தாயிற்று. மூடியின் ஓரத்தில் ஈரம் ஏறாமல் இருக்க வழி வேண்டும். மெழுகுதான் வழி. உருக்கி எடுத்த ஆறு வட்டங்களும் அலமாரியில் இருக்கின்றன. எடுக்கத் தயங்கினேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தா."

பின்னால் அண்ணன். வாங்கினார். ஒவ்வொன்றாகக் கரண்டியில் போட்டு, கரித் திரிகளைப் பொறுக்கி எடுத்து, அடுப்பில் காட்டினார். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியை மட்டும் முக்கி, சுழற்றி, எடுத்தார். சிமெண்டு மாதிரிகளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது இப்படித்தானாம். அதை என்னிடம் சொல்லவில்லை, பாட்டிலிடம் சொன்னார்.

நாலு முடிந்தது. ஐந்தாவதை என்னிடம் கொடுத்தார். "நீ போடு."

போட்டேன். ஒரு பக்கம் தடிமனாகிவிட்டது. விரல் நுனியெல்லாம் மெழுகு. அப்போது பாப்பா அழுதது. பௌதி வீட்டில் ஆள் இல்லை. என் கை சூடான மெழுகு.

"அண்ணே, பிள்ளையப் பிடிங்க."

போனார். அழுகை நிற்க நேரமாயிற்று. திரும்பி வந்தபோது தூக்கியிருந்தார், சாலையில் அளவுக் கோல் பிடிப்பது போல, உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி. பாப்பா அவருடைய சட்டைப் பையைப் பிடித்திருந்தது. உள்ளே ஹேர்பின் இருக்கும் பை.

"கழுத்து நிக்கல."

"இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள அங்க போயிருமே."

அடுப்பைத் தணித்தேன்.

"ஏட்டி."

"ம்."

"இவ பெருசாகிக் கேப்பா. எங்கம்மைக்கு என்ன ஆச்சுன்னு. பெரியம்மைக்குத் தெரியாது. நீதான் சொல்லணும். எங்க இருந்தாலும் வந்து சொல்லணும்."

"சொல்லுதேன்."

"ரெண்டையும் சொல்லு. என் டின்னையும் உன் டின்னையும். ஒண்ண விட்டுட்டு ஒண்ணச் சொல்லக்கூடாது."

"சரிண்ணே."

"அந்தப் பன்னிரண்டு பேரையும் சொல்லு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாப்பாவைத் தோளுக்கு மாற்ற முயன்றார், முதல் தடவை வரவில்லை, இரண்டாம் தடவை வந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளியே எதையோ காட்டினார். வாத்துகளாக இருக்கும்.

கல்லூரிக்கு நாளை போர்ட் பிளேரில் எழுத வேண்டும். என்ன எழுத என்று தெரியும். எம்.ஏ. படிக்கிறேன். விடுமுறைக்கு எங்கே போவேன் என்பதும் தெரியும், பாப்பா இருக்கும் வீட்டுக்கு.

ஆறாவது பாட்டிலை முக்கினேன். ஆறையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கினேன். கூடத்து விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, கரியைத் துடைத்து, மாட்டி வைத்தேன்.